சிறிய கடற்றொட்டிக்கு நுரையகற்றி வேண்டுமா?

மலைநாட்டில் வாழும் நமக்குக் கடல் தூரத்து உறவினர் போன்றது. ஆண்டுக்கு ஒருமுறை, பாடசாலை விடுமுறையில், விடியற்காலையிற் பேருந்து ஏறிச் சென்று கண்டு, நனைந்த உடையும் பையிற் சில சிப்பிகளுமாக இரவில் வீடு திரும்புவோம். ஹேவாஹெட்டவின் தேயிலைச் சரிவுகளில் நின்று எத்திசை நோக்கினும் மலைக்குப் பின் மலையே தோன்றும். இத்தகைய ஊரிலும் கடலில் ஒரு கூறை வீட்டு முன்னறையில் வைத்துப் பார்க்க விழைவோர் இந்நாளில் உளர். 40 லீற்றரோ 50 லீற்றரோ கொள்ளும் கண்ணாடித் தொட்டியொன்றில் உப்பு நீரை நிரப்பி, கற்களை அடுக்கி, செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டை பூண்ட கோமாளி மீன்கள் இரண்டை நீந்தவிட்டால், அண்டை வீட்டுப் பிள்ளைகள் யாவரும் அதன் முன் அமர்ந்துவிடுவர்.

இத்தொட்டியை அமைக்க எண்ணுவோர் நம்மிடம் முதலில் எழுப்பும் வினா பெரும்பாலும் ஒன்றேயாம். "சேர், நுரை எடுக்கிற மெசின் இல்லாட்டி மீன் செத்துப் போகுமா?" எனக் கல்லூரி மாணவன் கேட்பான். மறுவாரம் அவன் தந்தையார் நம்மைத் தெருவிற் கண்டு, "மாஸ்டர், அந்த மெசின் கட்டாயம் வேணுமா? விலையைக் கேட்டால் பயமா இருக்கு" என்பார். கடைகளில் 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என வழங்கும் கருவியையே இருவரும் குறிக்கின்றனர். நாம் ஈண்டு அதனை நுரையகற்றி என்றே குறிப்போம்.

இது சிறு வினா அன்று. தொட்டி, கல், மீன் ஆகிய யாவற்றின் விலையையும் கூட்டினாலும் நல்லதொரு நுரையகற்றியின் விலைக்கு ஈடாகாத வேளைகள் உண்டு. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பத்தில் இப்பணம் பிள்ளையின் பாடநூலுக்கோ பாட்டியின் மருந்துக்கோ உரியதாக இருக்கலாம். மற்றொரு புறம், கருவியை வாங்காமல் விடுவதால் வாயில்லாச் சீவன்கள் மடியுமாயின் அப்பழியை ஏற்கவும் மனம் ஒப்பாது. ஆதலின் இக்கருவி யாது செய்கிறது, யாது செய்வதில்லை என்பதை ஆராய்ந்த பின்னரே விடை கூறுதல் முறை.

உண்ட உணவு செல்லும் வழி

தொட்டியில் நாம் இடும் உணவு எங்கே செல்கிறது என்பதே இதில் அடிப்படை. மீன் உண்ட உணவிலுள்ள புரதத்தின் ஒரு பகுதி அதன் உடலாக மாறும். எஞ்சிய நைத்திரசன், அமோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியே நீரிற் கலக்கும். உண்ணாது விட்ட உணவும், மீனின் கழிவும், உதிர்ந்த பாசியும் அழுகி, அவையும் அமோனியாவையே தரும். அமோனியா நஞ்சு. கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொரு வகையின அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்று சிறு அளவில் மீனுக்குத் தீங்கு செய்வதில்லை. மிகுந்தாலோ பாசி செழிக்கும். மென்மையான உயிர்கள் வாடும்.

பெருங்கடலில் இக்கழிவு ஒரு பொருட்டன்று. நீரோட்டம் அதனைப் பரப்பும், நுண்பாசிகள் உண்ணும், காற்றுப்படாத சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை வாயுவாக்கி வளிக்கு மீட்டளிக்கும். தொட்டியோ சாளரமில்லாத அறையை ஒத்தது. உள்ளே சென்றதை நாமே எடுத்து வெளியேற்றினாலன்றி அது வெளியேறாது. எனவே, தொட்டி வளர்ப்போன் கேட்க வேண்டியது, "நுரையகற்றி உண்டா?" என்பதன்று, "சேர்வது எவ்வளவு, வெளியேறுவது எவ்வளவு?" என்பதேயாம்.

பருப்புச் சட்டியில் ஒரு பாடம்

நுரையகற்றியின் தத்துவத்தை நம் பிள்ளைகளுக்கு விளக்க முயன்று, கரும்பலகை இல்லாத வீட்டில் நாம் தடுமாறிய வேளையில், அதனை எளிதாக்கியவர் நம் இல்லாளே. மைசூர்ப் பருப்பை அடுப்பிலேற்றிக் கொதிக்கவிட்டால் சட்டியின் விளிம்பில் வெண்ணுரை திரளும். அதனை அகப்பையால் வழித்து எறிவது எல்லா வீட்டிலும் நிகழ்வதே. "அந்த நுரையிலை பருப்பின்ர அழுக்கெல்லாம் மேலை வந்திடும். அதைத்தான் அப்பாவின்ர மெசினும் செய்யுது" என அவர் கூறினார். அது முற்றிலும் சரியான விளக்கமாகும்.

பருப்பிலிருந்து கரைந்து வரும் புரதம் முதலான பொருள்களுக்கு ஓர் இயல்பு உண்டு. அவற்றின் மூலக்கூற்றில் ஒரு பகுதி நீரை நாடும். மறு பகுதி நீரை வெறுக்கும். இவ்விரு குணமும் உடைய பொருளுக்கு நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையே உகந்த இடம். அங்கே ஒரு பகுதியை நீரிலும் மறுபகுதியைக் காற்றிலும் நீட்டி நிற்க முடியும் அன்றோ? குமிழி ஒவ்வொன்றின் மேற்பரப்பும் அத்தகைய எல்லையே. குமிழி மேலெழும்போது தன் மேல் ஒட்டியவற்றையும் சுமந்து வரும். மேலே நுரையாகத் திரளும்.

நுரையகற்றியில் அடுப்புக்குப் பதிலாகச் சிறு மின்பம்பி இருக்கும். அது காற்றை மிக நுண்ணிய குமிழிகளாக உடைத்து, நெடிய குழாயொன்றில் தொட்டி நீருடன் கலக்கும். குமிழி சிறிதாகச் சிறிதாக அதே அளவு காற்றுக்கு மேற்பரப்பு பெருகும். மெல்ல எழுவதால் நீருடன் உறவாடும் நேரமும் நீளும். குழாயின் கழுத்தில் ஏறும் நுரை, மேலுள்ள கிண்ணத்தில் வழிந்து தேநீர் நிறத்திற் கருமையாகத் தங்கும். அதன் நாற்றத்தை ஒருமுறை நுகர்ந்தவர் மறவார். உப்பு நீரிற் குமிழிகள் ஒன்றோடொன்று இணைந்து பெருத்துவிடாமல் நுண்ணியனவாகவே நிற்பதால் இக்கருவி கடற்றொட்டிக்கு ஏற்றது. நன்னீரிற் குமிழிகள் விரைவில் இணைந்து பெரிதாவதால், சாதாரண நன்னீர்த் தொட்டியில் இதனாற் பயன் மிகக் குறைவு. காற்று மிகுந்த நாளிற் கடற்கரையில் பழுப்பு நுரை ஒதுங்கிக் கிடக்கக் கண்டிருப்பீர்கள். கடலும் தன் நுரையைத் தானே கரையில் ஒதுக்குகிறது.

இக்கருவிக்கு இரு நற்குணங்கள் உண்டு. ஒன்று, சேதனப் பொருள் அழுகி அமோனியாவாகும் முன்னரே அதனை நீக்குகிறது. மற்றொன்று, இடையறாது குமிழிவிடுவதால் நீருக்கு ஒட்சிசன் ஊட்டுகிறது. இரண்டாவது குணம் மலைநாட்டாருக்கு அற்பமன்று. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் ஏறக்குறைய 11 வீதம் குறைவு. நீரிற் கரையும் ஒட்சிசனும் அந்த அளவுக்கே குறையும்.

கருவி செய்யாதவை

இனி, அது செய்யாதவற்றை நோக்குவோம். ஏற்கெனவே உண்டாகிவிட்ட அமோனியாவை அது நீக்காது. நைத்திரேற்று குமிழியில் ஒட்டாது. ஆதலின் அதனையும் நீக்காது. கரைந்த பொசுபேற்றும் அவ்வாறே. கற்களின் இடுக்கிற் கிடந்து அழுகும் உணவுத் துணுக்கை அது அறியவே அறியாது. குமிழியை நாடும் இயல்புடைய பொருளை மட்டுமே அது பற்றும்.

அவற்றையேனும் முற்றாகப் பற்றுகிறதா? அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக இரசாயனப் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் வெவ்வேறு நுரையகற்றிகளைச் சோதித்து, 2009 இல் முடிவுகளை வெளியிட்டார். நீரிலுள்ள மொத்தச் சேதனக் காபனில் 20 முதல் 30 வீதம் வரையே இக்கருவிகள் அகற்றின. எஞ்சியதை எவ்வளவு நேரம் இயக்கினும் அகற்ற முடியவில்லை. விலை மிகுந்த கருவிக்கும் குறைந்த கருவிக்கும் இவ்வகையிற் பெரும் வேறுபாடு காணப்படவில்லை. இதனாற் கருவி வீண் எனக் கொள்ளல் ஆகாது. "இது இல்லையேல் தொட்டியே இல்லை" என்னும் கூற்று மிகையானது என்பதே பெறப்படும்.

வரலாறும் இதற்குச் சான்று. இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி கொஸ் என்பார் 1854 இல் கடற்றொட்டி பற்றி நூலெழுதி அந்நாட்டு வீடுகளில் ஒரு புதிய மோகத்தை உண்டாக்கிய காலத்தில் மின்பம்பியே கிடையாது. கடற்பாசியையும் உயிர்களையும் அளவறிந்து ஒருங்கே வைத்தே அவர் தொட்டியை நிலைநிறுத்தினார். ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்னும் அன்பர், கடல் நீர், உயிர் நிறைந்த கல், சிறு காற்றுக் குமிழி, வெயில் ஆகியவற்றை மட்டும் கொண்டு முருகைகளை வளர்த்த விதத்தை 1961 இல் அமெரிக்க இதழொன்றில் எழுதினார். பின்னர், 1970களிலும் 1980களிலும், ஜெர்மனியில் உயிர்க் கல்லுடன் ஆற்றல் மிக்க நுரையகற்றியை இணைக்கும் முறை வளர்ந்தது. பெர்லின் முறை எனப் பெயர் பெற்ற அதன் வழியாகவே, நுரையகற்றி இன்றியமையாதது என்னும் எண்ணம் உலகெங்கும் பரவிற்று. கடலோரத்தில் இருந்த லீ சின் எங் தம் நீரைக் கடலிலிருந்தே பெற்றார். கடலுக்குத் தொலைவிலிருந்த பெர்லின் நகரத்தாரோ பெரிய தொட்டிகளுக்கு உப்பை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டால் நம் வினாவுக்கு விடை அணுகி வரும்.

வாளிக் கணக்கு

மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளலாம். 40 லீற்றர் தொட்டியொன்றில் வாரந்தோறும் லீற்றருக்கு 2 மில்லிகிராம் நைத்திரேற்றுச் சேர்வதாகக் கொள்வோம். வாரம் ஒருமுறை நீரில் 10 வீதத்தை, அதாவது 4 லீற்றரை, அகற்றிப் புதிய உப்பு நீர் விடுகிறோம். நைத்திரேற்று ஏறிக்கொண்டே போகுமா? போகாது. மாற்றும் நீரோடு வெளியேறுவதும் வாரத்திற் சேர்வதும் சமனாகும் இடத்தில் அது நிற்கும். 2 ஐ பத்திலொன்றாற் பிரிக்க 20. ஆகவே நீர் மாற்றும் வேளையில் லீற்றருக்கு 20 மில்லிகிராமில் அது நிலைகொள்ளும்.

இப்பொழுது நுரையகற்றியை வாங்கிப் பொருத்துவோம். அது சேர்க்கையிற் காற்பங்கைத் தடுப்பதாகக் கொண்டால், சேர்வது 1.5, நிலைகொள்வது 15. இனி, கருவியை வாங்காது, உணவைப் பாதியாகக் குறைப்போம். சேர்வது 1, நிலைகொள்வது 10. இதற்குச் செலவு யாதுமில்லை, வரவே உண்டு. உணவையும் குறையாது நீர் மாற்றுவதை மட்டும் 25 வீதமாக உயர்த்துவோம். 2 ஐ காலாற் பிரிக்க 8.

25 வீதம் என்பது 40 லீற்றர் தொட்டியில் ஒரு வாளி நீர், 10 லீற்றர். ஒரு லீற்றருக்கு 35 கிராமாக, அதற்கு வேண்டிய கடலுப்புக் கலவை 350 கிராம். அரை மணி நேர வேலை. அதே வீதத்தை 400 லீற்றர் தொட்டியிற் செய்ய 100 லீற்றர் நீரும் மூன்றரைக் கிலோ உப்பும் வாரந்தோறும் வேண்டும். அதனைச் சுமக்கத் தோளும் வாங்கப் பொருளும் எத்தனை பேருக்கு உண்டு? பெரிய தொட்டிக்கு நுரையகற்றி உப்பையும் உழைப்பையும் மிச்சப்படுத்துகிறது. சிறிய தொட்டியிலோ அவ்வேலையை ஒரு வாளி செய்துவிடுகிறது. அன்றியும், வாளி நீர் நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் சேர்த்தே வெளியேற்றுகிறது. உயிர்கள் உண்டு குறைத்த கல்சியம், மகனீசியம் முதலியவற்றைப் புதிதாகக் கொணர்கிறது. இவ்விரண்டையும் எந்த நுரையகற்றியும் செய்யாது.

ஆதலின் நம் விடை இது: சிறிய தொட்டியில் உயிர்கள் சிலவாக இருந்து, உணவு அளவாக இட்டு, வாரந்தவறாது நீர் மாற்றும் கை இருந்தால், நுரையகற்றி வேண்டியதில்லை.

நீர் மாற்றுவதில் மலைநாட்டார் கருத வேண்டியன சில உண்டு. பீலி நீரும் மழை நீரும் இங்கு மென்மையானவை. கடலுப்புக் கலவைக்கு அவை ஏற்றனவே. ஆயினும் துருவேறிய தகரத்திலும் செப்புக் குழாயிலும் தங்கிய நீரைத் தவிர்த்தல் வேண்டும். செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் கொடிய நஞ்சு. குழாய் நீரானாற் குளோரினை நீக்கிய பின்னரே உப்பைக் கலக்க வேண்டும். கறியுப்பு உதவாது. கடலுப்பில் ஏறக்குறைய 85 வீதமே சோடியமும் குளோரைட்டும். எஞ்சியவற்றில் மகனீசியம், கல்சியம் முதலியன அடங்கும். உப்பை முதல் நாளே கரைத்து, குமிழிவிட்டு, தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பின்னரே ஊற்ற வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கும். 40 லீற்றரில் 2 லீற்றர் வற்றினால், லீற்றருக்கு 35 கிராமாக இருந்த உப்பு ஏறக்குறைய 37 ஆகிவிடும். எனவே வற்றிய அளவை நாள்தோறும் நன்னீரால் நிரப்புவது கட்டாயம். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் தோன்றினால், எழுதாத வெள்ளைத் தாளொன்றை மெதுவாக அதன் மேல் விரித்து எடுத்தாற் படலம் தாளோடு வந்துவிடும். இதற்கும் கருவி வேண்டியதில்லை.

மின்வெட்டு நாள்கள் புகட்டியது

2022 ஆம் ஆண்டை நம் நாட்டு மக்கள் எளிதில் மறவார். மார்ச்சு மாத இறுதியில், ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அந்நாளில் மீன் தொட்டியைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருந்தது. ஆயினும் நாம் ஏற்றுக்கொண்ட உயிர்கள் நம் பொறுப்பு அன்றோ?

கண்டியில் வாழும் அன்பர் ஒருவரிடம் நம்முடையதை ஒத்த சிறு தொட்டியே இருந்தது. ஆனால் நல்ல நுரையகற்றி இருக்கும் துணிவில் அவர் எட்டு மீன்களை வளர்த்து, நாளுக்கு மூன்று முறை உணவிட்டு வந்தார். மின்சாரம் உள்ளவரை யாவும் அழகாகவே நடந்தன. மின்வெட்டு நீண்ட முதலிரவில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மின்சாரம் மீண்டதும் கருவியில் நுரை கட்டுக்கடங்காது பொங்கி, கிண்ணத்தின் கரிய நீர் தரையெங்கும் வழிந்தது. அவ்வாரத்தில் ஐந்து மீன்கள் மடிந்தன. அன்பர் கவனமற்றவர் அல்லர். ஆனால் அவருடைய தொட்டியின் உயிர் ஒரு மின்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நம் தொட்டியில் அன்றும் இன்றும் கோமாளி மீன்கள் இரண்டு, துப்புரவு இறால் ஒன்று, நத்தைகள் சில, சிறிது கடற்பாசி. கற்கள் நாமே சீமெந்தும் மணலும் சேர்த்து வார்த்து, மாதக்கணக்கில் நீரில் ஊறவைத்துக் காரம் போக்கியவை. மின்சாரமற்ற இரவுகளில் தொட்டியைக் கம்பளியாற் போர்த்தி வெப்பத்தைக் காத்தோம். மலைநாட்டு இரவிற் சூடேற்றி நின்றுவிட்டால் நீர் விரைவிற் குளிர்ந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை பிள்ளைகள் முறைவைத்துக் குவளையால் நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினர். அதனால் வேண்டிய ஒட்சிசன் கலந்தது. உணவை ஒருநாள் விட்டு ஒருநாள் இட்டோம். உயிர்கள் சிலவாக இருந்தமையாற் குவளையும் கையுமே போதுமாயின. ஒன்றும் மடியவில்லை. மின்சாரம் மீண்ட நாளில் நம் இளைய மகள், "அப்பா, இனி குவளை வேண்டாமா?" என ஏமாற்றத்தோடு கேட்டாள்.

எப்பொழுது வேண்டும்?

நடுநிலை தவறாது கூறுவதாயின், நுரையகற்றி உதவும் இடங்களும் உண்டு. தொழில் காரணமாக வாரக்கணக்கில் வெளியூர் செல்வோர் நீர் மாற்ற இயலாது. அவர்களுக்கு அது கைகொடுக்கும். இறைச்சியுண்ணும் பெரிய மீனை வளர்ப்போருக்கு அது தேவை. நெருக்கமாக முருகைகளை வைத்திருப்போர் தொட்டியில் அவை ஒன்றையொன்று எதிர்த்துச் சளியும் நஞ்சும் உமிழும்போது நுரையகற்றி அவற்றிற் பலவற்றை வெளியேற்றும். உயிரொன்று எவரும் காணாத இடத்தில் இறந்து அழுகிய நாளிலும் நன்மை செய்யும். ஆனால் 40 லீற்றர் தொட்டிக்கென விற்கப்படும் மிகச் சிறிய கருவிகளில் குழாய் குட்டையாதலாற் குமிழிக்கும் நீருக்கும் உறவு குறுகியது. பல வேளைகளில் நுரையைவிட இரைச்சலே மிகுதி. அவ்வாறான கருவியை வாங்குவதினும் அப்பணத்தில் நல்ல சூடேற்றியும், உப்பின் அளவறியும் கருவியும், மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பியும் வாங்குதல் அறிவுடைமை.

இலண்டனிலும் தொறன்ரோவிலும் வாழும் நம் உறவினர் சிலரும் இவ்வினாவைக் கேட்பதுண்டு. அங்கெல்லாம் தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய முருகைத் துண்டுகள் விற்பனைக்கு உள்ளன. அவர்களுக்கும் விடை வேறன்று. மென்மையான முருகைகளிற் சில, சற்றே ஊட்டம் மிகுந்த நீரையே விரும்புகின்றன. அளவுக்கு மிஞ்சித் தூய்மையாக்கிய நீரில் அவை சுருங்குவதுமுண்டு.

கடலிலிருந்து எடுப்பது

கருவியைப் பற்றிய வினாவின் அடியில் மற்றொரு வினா மறைந்து கிடக்கிறது. எத்தனை உயிர்களை வைக்கலாம் என்பதே அது. நுரையகற்றி வாங்கியவர் பலரும், "இனி இன்னும் நான்கு மீன் விடலாம்" என்றே எண்ணுகின்றனர். கருவி தந்த மிச்சம் இவ்வாறு மறுநாளே செலவாகிவிடுகிறது. நம் தீவைச் சூழ்ந்த கடலிலிருந்து பிடித்த அழகு மீன்கள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. ஒவ்வொரு மீனின் பின்னாலும் அது வாழ்ந்த முருகைக்கற் பார் ஒன்று இருக்கிறது.

அப்பார்களின் நிலை யாது? 1979 இல் கடற் சரணாலயமாக்கப்பட்டு 2002 இல் தேசிய பூங்காவான ஹிக்கடுவையில், 1998 ஆம் ஆண்டில் கடல் அளவு மீறிச் சூடேறியபோது முருகைகள் வெளுத்துப் பெருமளவில் மடிந்தன. தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புக்காக முருகைக்கற்களை ஆண்டாண்டாகத் தோண்டி எடுத்தனர். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அவ்வாறு பார் சிதைந்த இடங்களில் மிகுந்த சீற்றத்தோடு உட்புகுந்ததை அறிஞர் பின்னர் ஆராய்ந்து எழுதினர். இந்நாளில் நம் நாட்டுச் சட்டம் முருகைகளைக் காக்கிறது. இந்தியாவிலும் 2001 முதல் கல்முருகைகள் யாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அடங்கும். ஆதலாலேயே நம் தொட்டியில் உயிர் முருகை யாதும் இல்லை. கடற்கரையிற் கண்ட கல்லைப் பையில் இட்டுக்கொண்டு வரும் மாணவருக்கும் நாம் இதனையே சொல்லி வருகிறோம். கொஸ் எழுதிய நூலால் மோகங்கொண்ட ஆங்கிலேயர் கரையோரப் பாறைக் குட்டைகளை வெறுமையாக்கிய வரலாற்றை அவருடைய மகனே 1907 இல் வெளிவந்த தம் நூலில் வருத்தத்தோடு பதிந்துள்ளார்.

எனினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனம்பெருக்க இயலும். தமிழ்நாட்டில் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதற்கான முறையை வகுத்துப் பலருக்கும் பயிற்றியுள்ளனர். பெண்மீன் கல்லில் முட்டைகளை வரிசையாக ஒட்டிச் செல்லும். ஆண்மீன் ஒரு வாரமளவும் அருகில் நின்று, செட்டையால் விசிறி, கெட்ட முட்டைகளை நீக்கிக் காவல் காக்கும். வாங்குவோர், தொட்டியிற் பிறந்த மீனா, கடலிற் பிடித்த மீனா என வினவி, முன்னையதையே வாங்குவாராயின் வணிகரும் அவ்வழியே திரும்புவர்.

'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்பது நம் முன்னோர் வீட்டுக்குச் சொன்ன மொழி. தொட்டிக்கும் அது பொருந்தும். தொடங்க விரும்பும் மாணவர்க்கு நாம் கூறும் நிரல் இது. முதல் மாதம் மீனே வேண்டா. கல்லும் நீரும் மட்டும் இருக்கட்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் தோன்றி மறைந்தனவா எனச் சோதித்துப் பாருங்கள். பின்னர் நத்தை இரண்டு. அதன் பின்னர் மீன் ஒன்று. சில வாரம் கழித்து மற்றொன்று. இரண்டு நிமிடத்தில் மீன் உண்டு முடிக்கும் அளவே உணவிடுங்கள். ஞாயிறுதோறும் ஒரு வாளி நீரை மாற்றி, அந்நாளைய வெப்பநிலையையும் உப்பின் அளவையும் நைத்திரேற்றையும் ஒரு கொப்பியிற் குறித்து வாருங்கள். இவ்வாறு ஆறு மாதம் நடத்திய பின்னும் நைத்திரேற்று ஏறிக்கொண்டே போகுமாயின், அப்பொழுது அக்கொப்பியை எடுத்துக்கொண்டு நம்மிடம் வாருங்கள். நுரையகற்றி வாங்குவது பற்றி அமர்ந்து பேசுவோம். இதுவரை கொப்பியோடு வந்த மாணவர் மூவர். மூவருக்கும் கருவி தேவைப்படவில்லை. இருவர் மீனின் எண்ணிக்கையைக் குறைத்தனர், ஒருவன் உணவைக் குறைத்தான்.